கைப்பிடிக்கு என்ன நிறம்?

ஒரு மலைக்காட்டில், மரங்கள் முடிந்து பாறை தொடங்குகிற உயரத்தில், நாற்பத்தேழு வரையாடுகள் வாழ்ந்து வந்தன. நாற்பத்தாறு என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பெரிய பாறைக்குப் பின்னால் எப்போதும் படுத்தே கிடக்கும் கிழக்கடாவை எண்ணத் தவறியவர்கள்.

அந்த மலையில் ஒட்டுப்பாறைச் சரிவு என்று ஓர் இடம் இருந்தது. மேலே புல், கீழே பள்ளம். அங்கே சிறுத்தை கால் வைத்தால் வழுக்கும். மூன்று சிறுத்தைகள் வைத்துப் பார்த்தன, மூன்றும் வழுக்கின. அதனால் வரையாடுகள் குட்டி போடும் நாளில் அந்தச் சரிவுக்குத்தான் ஏறும். வேறு எங்கே போட்டாலும், குட்டி எழுந்து நிற்பதற்குள் சிறுத்தை வந்து நிற்கும்.

கொடிச்சி என்ற இளம் வரையாடு அந்தத் தை மாதம் முதல் குட்டிக்குக் காத்திருந்தாள். மந்தையின் மூத்த பெண்ணாடுகள் வயிற்றைப் பார்த்து நாள் சொல்வார்கள். மூன்று பேர் இருபத்துநான்கு நாள் என்றார்கள். ஒருத்தி மட்டும் இருபத்தாறு என்றாள். அவள் எப்போதும் இரண்டு கூட்டித்தான் சொல்வாள்.

அந்த வாரம் சுனைக்குப் பக்கத்து மரத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது.

'மலை எதிர்காலத் திட்டம். ஒட்டுப்பாறைச் சரிவில் காட்சிமேடை கட்டப்படும். கீழ்நாட்டு விருந்தினர் நின்று மூடுபனி பார்க்கலாம். எதிர்காலம் இளையோருடையது என்பதால் இளையோர் பங்கேற்பது கட்டாயம். இப்படிக்கு, மலை மேம்பாட்டுக் குழு.'

குழுவில் ஒன்பது பேர். தலைவர் கரடி, செயலாளர் கீரி. இளையவர் ஆமை; அவருக்கு அறுபத்தொன்று.

கொடிச்சி அறிவிப்பைப் படித்தாள். சரிவில் மேடை வந்தால் குட்டியை எங்கே போடுவது? ஆனால் 'இளையோர் பங்கேற்பது கட்டாயம்' என்ற வரியை மூன்று முறை படித்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. நாம் இளையவள்தானே, போய்ச் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தாள். பாவம், அவளுக்கு அது முதல் கூட்டம்.

பதிவு செய்யும் இடத்தில் வரிசை நின்றது. மரங்கொத்தி ஒருவர் மரப்பட்டையில் எண்ணைக் கொத்தி டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடிச்சிக்குக் கிடைத்த எண் பதினேழு. ஐந்துக்குப் பிறகு ஒன்பதைக் கூப்பிட்டார்கள், ஒன்பதுக்குப் பிறகு தேநீர் இடைவேளை. அவள் முறை வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

கீரிச் செயலாளர் அவள் படிவத்தை வாங்கிப் பார்த்தார். பதினொரு கட்டங்கள். ஏழாவது கட்டம்: 'மலையைப் பற்றிய உங்கள் கனவு, ஆறு சொற்களுக்குள்.' கொடிச்சி எழுதியிருந்தாள்: 'சரிவில் மேடை வேண்டாம்.'

"ஏம்மா, இது கனவா?"

"ஆமாங்க ஐயா. மூணே சொல்லுதான்."

"சொல்லு கணக்கு சரி. விஷயம் தப்பு. இது கனவு இல்ல, ஆட்சேபணை. ஆட்சேபணைக்கு வேற படிவம்."

"அதைக் குடுங்க ஐயா."

"அது போன மழையில நனைஞ்சு போச்சு."

பின்னால் நின்ற கருமுகன் என்ற சோலைமந்தி இளைஞன் அவள் காதருகே குனிந்தான். "அக்கா, 'மலை நல்லா இருக்கணும்'னு எழுதிக் குடுங்க. கூட்டத்தன்னிக்கு மதியச் சாப்பாட்டுல பலாச்சுளை உண்டாம்."

அவள் அப்படியே எழுதினாள். கீரி முகம் மலர்ந்தார். "அருமை! எப்படித்தான் எல்லாருக்கும் ஒரே கனவு வருதோ!"

நான்கு நாள் கழித்து முதல் கூட்டம் நடந்தது. இளையோர் இருபத்துமூன்று பேர் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடத்தி வைக்கக் கீழ்நாட்டிலிருந்து ஆலோசகர் கொக்கு வந்திருந்தார். ஒற்றைக்காலில் நின்று, ஒவ்வொருவரையும் கண் சிமிட்டாமல் பார்த்தார். தவளைக்குஞ்சு ஒன்று பயந்து போய்க் கல்லுக்கடியில் ஒளிந்தது. அதையும் வருகைப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

"உங்க கருத்தை ஆளுக்கொரு இலையில எழுதுங்க. பலாப்பால் தொட்டுப் பாறையில ஒட்டுங்க" என்றார் கொக்கு.

இருபத்துமூன்று இலைகள் ஒட்டப்பட்டன. சாப்பாட்டு நேரத்தில் காட்டெருமைக் கன்று ஒன்று பத்தொன்பதைத் தின்றுவிட்டது. மீதி நான்கில் பால் அதிகம், வாயில் ஒட்டியதால் விட்டுவிட்டது. 'இளையோரின் கருத்துகள் முழுமையாக உள்வாங்கப்பட்டன' என்று கீரி குறிப்பேட்டில் எழுதினார்.

கொடிச்சியால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றாள். 

"அந்தச் சரிவுலதான் எங்க குட்டிங்க பிறக்குது. அங்க மேடை கட்டினா நாங்க எங்க போறது?"

 எல்லோரும் கைதட்டினார்கள். கரடித் தலைவர்கூடத் தட்டினார். காக்கை ஒன்று, சுற்றுலாக்காரர் தவறவிட்டுப்போன செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தது. அதில் சார்ஜ் தீர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அது தெரிந்தும் எல்லோரும் படத்துக்குச் சிரித்தார்கள்.

"எவ்வளவு துணிச்சலான குரல்! இதைக் கேட்கத்தான் நான் வந்தேன்" என்றார் கொக்கு.

"கேட்டீங்களா ஐயா?"

"கேட்டாச்சேம்மா."

"அப்போ மேடை?"

"அது மேடைக்குழு வேலை. நாங்க கேட்கிற குழு."

கரடித் தலைவர் தொண்டையைச் செருமினார். "பிள்ளைகளா, இடம், அளவு, நாள் எல்லாம் பெரியவங்க முடிவு பண்ணியாச்சு. உங்களுக்குன்னு ஒண்ணை விட்டு வெச்சிருக்கோம். மேடையோட கைப்பிடிக்கு என்ன நிறம்? அதை நீங்கதான் சொல்லணும்."

அவர் அதை அன்பினால் விட்டு வைக்கவில்லை. மேடைச் செலவை ஏற்ற கீழ்நாட்டார் தந்த ஏட்டில் ஒரு வரி இருந்தது: 'இளையோர் தங்களுக்கு ஒதுக்கிய முடிவை ஏகமனதாக எடுத்த பிறகே முதல் கல் வைக்க வேண்டும்.' தேடித்தேடி, இருப்பதிலேயே சின்ன முடிவாக ஒன்றைத் தலைவர் ஒதுக்கியிருந்தார். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று கீரியிடம் சொன்னார். பள்ளம் தோண்டப் பதினான்கு பன்றிகளை வரவழைத்துச் சரிவின் அடியில் உட்கார வைத்துமிருந்தார்.

நான்கு பலகைகள் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. நான்கிலும் சாயம் பூசியிருந்தது.

கருமுகன் துள்ளினான். "முதல் பலகை! சிவப்பு! பார்த்தாலே பசிக்குது!"

"முதலாவதும் ரெண்டாவதும் ஒண்ணுதானே?" என்றது கடமான் குட்டி.

"ஒண்ணா? அது சிவப்பு, இது பச்சை!"

"ரெண்டும் காய்ஞ்ச சாணி மாதிரிதான் இருக்கு."

கொண்டைக்குருவி வடிவு மேலே கிளையிலிருந்து சிரித்தாள். "பலகையை விடுங்க. நாலாவதுல குறுக்கால ஓடுதே ஒரு பட்டை, அந்த நிறம்தான் வேணும்."

"எந்தப் பட்டை?"

"கண்ணு முன்னால பளபளன்னு இருக்கே!"

வேறு யாருக்கும் பட்டை தெரியவில்லை. கொக்குக்கு, அவரும் பறவை என்பதால், தெரிந்தது. ஆனால் நடத்துகிறவர் கருத்துச் சொல்லக்கூடாது என்பதால் அவர் மறுகாலுக்கு மாறி நின்றார்.

வாக்கெடுப்பு நடந்தது. பலகைகள் நான்கு, வந்த நிறங்கள் ஒன்பது. அதில் ஒன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கூட்டத்தைப் பதினொரு நாள் தள்ளி வைத்தார்கள்.

இரண்டாம் கூட்டத்துக்கு வரும்போது கொடிச்சிக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. நடப்பதே சிரமமாக இருந்தது. மற்றவர்களுக்கும் அலுத்துவிட்டது. பலாச்சுளை தீர்ந்து வெறும் கிழங்கு போட்டார்கள். அதனால் பேச்சு வேகமாக நடந்தது. இருபத்திரண்டு பேர் இரண்டாவது பலகைக்கு ஒத்துக்கொண்டார்கள். வடிவுகூட, "சரி தொலையட்டும்" என்றுவிட்டாள்.

கரடித் தலைவர் கொடிச்சியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

"அக்கா, ஏதோ ஒரு நிறம். தலையாட்டுங்க, வீட்டுக்குப் போகலாம்" என்று கெஞ்சினான் கருமுகன்.

கொடிச்சி பிறந்ததிலிருந்து பொய் சொன்னதில்லை. இப்போதும் உண்மையைத்தான் சொன்னாள்.

"எனக்கு முதல் பலகைக்கும் ரெண்டாவதுக்கும் வித்தியாசம் தெரியல ஐயா. எதுன்னே தெரியாம எப்படி ஒத்துக்கிறது?"

"கருமுகா, அக்காவுக்குச் சொல்லிக் குடு" என்றார் கொக்கு.

"அக்கா, சிவப்புன்னா பழுத்த பழம். பச்சைன்னா காய்."

"எனக்குப் பழமும் காயும் ஒரே நிறம், தம்பி. கடிச்சுப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவேன்."

தலைவருக்குக் கோபம் வந்தது. எழுந்து போய் ஒரு பலகையை ஓங்கி அறைந்தார். "இதுல என்ன குழப்பம்? கண்ணு இருக்கிற யாருக்கும் தெரியும், இதுதான் சிவப்பு!"

"தலைவரே, அது பச்சை" என்றான் கருமுகன்.

சரிவின் அடியில் ஒரு பன்றி ஏப்பம் விட்டது. தலைவர் கீரியைப் பார்த்தார். கீரி ஆமையைப் பார்த்தார். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். சாயத்துக்குக் கையெழுத்துப் போட்ட ஒன்பது பேரில் ஏழு பேருக்குச் சிவப்பு எது பச்சை எது என்று தெரியாது என்பது அன்று வெளியானது.

அதைப் பார்த்ததும் கடமான் குட்டிக்குத் தைரியம் வந்து, தனக்கும் தெரியாது என்றது. காட்டெருமைக் கன்று, தான் இரண்டாவது என்று சொன்னது பலகையை அல்ல, இரண்டாவது பந்தியை என்றது. "எல்லார் குறையும் கேட்கிறீங்க, என் பட்டையை ஒருத்தரும் கேட்கல" என்று வடிவு அழுதாள். இருபத்திரண்டு உடைந்து போயிற்று.

மூன்றாம் கூட்டம் கூடுவதற்கு முந்தின இரண்டு நாளும், தை மாதத்தில் பெய்யக்கூடாத மழை பெய்தது.

கூட்டத்தன்று விடியும்போதே கொடிச்சிக்கு வலி எடுத்தது. மூன்று பெண்ணாடுகளின் கணக்கு சரியாக இருந்தது. "சரிவுக்கு ஏறிடு பெண்ணே, ரெண்டு மணி நேர ஏற்றம்" என்றார்கள். ஆனால் சரிவுக்குப் போகும் பாதையில் பதினான்கு பன்றிகளும் எழுந்து நின்று உடம்பை உதறிக்கொண்டிருந்தன. இன்று முடிவாகிவிடும் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். முடிவானால், அவள் போய்ச் சேர்ந்த கையோடு அவர்களும் வந்து சேர்வார்கள். கொடிச்சி பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டத்துக்கு இறங்கினாள்.

பலகைகள் நான்கும் வெளியே நனைந்து கிடந்தன. சாயம் முழுக்கக் கழுவிப் போய்விட்டது. நான்கும் வெறும் சாம்பல் நிற மரம்.

எல்லோரும் பார்த்தார்கள். கருமுகன் பார்த்தான். கடமான் குட்டி பார்த்தது. வடிவு கீழே இறங்கி வந்து கொத்திப் பார்த்தாள், பட்டையும் போய்விட்டது.

"நாலும் ஒண்ணுதான்" என்றான் கருமுகன்.

"ஒண்ணேதான்" என்றது கடமான் குட்டி.

"முதல் தடவையா எல்லாரும் ஒரே நிறத்தைப் பார்க்கிறோம்!" கொக்கின் குரல் தழுதழுத்தது. மற்றொரு காலையும் கீழே வைத்துவிட்டார். "இதுதான் ஒற்றுமை. இதே நிறம், ஏகமனதா?"

"ஏகமனதா!" இருபத்திரண்டு குரல்கள்.

கீரி மைக்கூட்டைத் திறந்தார். மூத்த பன்றி பாதையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வலி இன்னொரு முறை கொடிச்சியின் இடுப்பைப் பிடித்து முறுக்கியது. இந்த முறை சொல்வதற்கு அவளிடம் உண்மை எதுவும் இல்லை. நான்கு பலகைகளும் அவளுக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

"நாலாவது மட்டும் கொஞ்சம் வேற மாதிரி இருக்கே" என்றாள் கொடிச்சி.

எல்லோரும் நாலாவது பலகையைப் பார்த்தார்கள்.

"எங்க அக்கா?"

"சாய்ச்சுப் பாரு, தம்பி."

கருமுகன் தலையைச் சாய்த்தான். வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை. "ஆமா... கொஞ்சம் நீலமா அடிக்குது."

"நீலமா?" வடிவு சிறகை விரித்தாள். "கண்ணா புண்ணா அது? தேன் நிறம் அது!"

"உனக்குத்தான் இல்லாத பட்டையெல்லாம் தெரியுமே!"

"இல்லாத பட்டையா? இன்னொரு தடவை சொல்லுடா பார்க்கலாம்!"

"எனக்கு ரெண்டாவதுதான் வேற மாதிரி இருக்கு" என்றது கடமான் குட்டி.

காட்டெருமைக் கன்று எதுவும் சொல்லாமல் மூன்றாவது பலகையை முட்டி உடைத்தது. அதற்குமேல் யார் என்ன பேசினார்கள் என்று குறிப்பேட்டில் இல்லை. கீரி மேசைக்கடியில் இருந்தார். தவளைக்குஞ்சுகூடக் கல்லுக்கடியிலிருந்து வெளியே வந்து பச்சை, பச்சை என்று கத்தியது.

கொடிச்சி பின்னாலேயே நகர்ந்து, திரும்பி, மேலே ஏறினாள். பாதையில் மூத்த பன்றி கேட்டார்: "என்னம்மா, நிறம் முடிஞ்சுதா?"

"இல்லைங்க மேஸ்திரி."

பன்றி கீழேயிருந்து வந்த கூச்சலைக் கொஞ்ச நேரம் கேட்டார். "இது முடியாது. டேய், வாங்கடா, மழை பெஞ்சு மண்ணு இளகியிருக்கு, கிழங்கு தோண்டலாம்." பதினான்கு பேரும் வரிசையாகக் காட்டுக்குள் போனார்கள்.

சாயங்காலம், நெற்றியில் கட்டுடன், கரடித் தலைவர் கீழ்நாட்டாருக்கு அறிக்கை எழுதச் சொன்னார். எந்த மலையிலும் இளையோர் இவ்வளவு ஆர்வமாகப் பங்கேற்றதில்லை என்று கொக்கு சொல்லச் சொல்லக் கீரி எழுதினார். கீழ்நாட்டார் மகிழ்ந்து, இன்னும் நாற்பது கூட்டங்களுக்கு அனுமதியும், கூட்டத்துக்கு இரண்டு பலாப்பழமும் அனுப்பினார்கள். மேடையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நாற்பது கூட்டத்தின் சாப்பாட்டைக் கணக்குப் போட்ட தலைவரும் அதன்பிறகு கேட்கவில்லை.

அந்த நேரத்தில் ஒட்டுப்பாறைச் சரிவில், ஈரமான புல்லின் மேல், ஒரு குட்டி எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. நான்கு முறை விழுந்தது. ஐந்தாம் முறை நின்றது.

நீதி: இளையோர் ஒற்றுமையாக இருந்தால் மலைச் சரிவில் மேடை வந்துவிடும். ஆகவே பிள்ளைகளே, சண்டை போடுங்கள்.