மேயரின் பகல் தூக்கம்

திமில் மாடு மூன்றும் பௌல்ஸ் கிளப்பின் புல்தரையில் நிற்பதாக ஃபோன் வந்தபோது மெர்வ் ஓக்டன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தடவி, தின்று முடித்துத்தான் எழுந்தார். மாடு இறங்கியது இறங்கியதுதான். ஓடிப்போய் மட்டும் என்ன ஆகப்போகிறது?

“யாரு ஃபோன்ல?” என்று உள்ளேயிருந்து கேட்டாள் டெல்மா.

“தப்பு நம்பர்.”

அந்த கிளப்புக்குத் தலைவியே டெல்மாதான். அடுத்த ஃபோன் நேராக அவளுக்கே வந்தது.

“மெர்வ்! அஞ்சு கம்பி வேலி போட்டிருக்கேன், ஒரு ஈ தாண்டாதுன்னியே?”

“ஈதானே தாண்டாதுன்னேன்.”

கூம்பெல் ஊரில் ஒரு மாட்டுக்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. கிழவர்கள் பந்து உருட்ட, கண்ணாடி மாதிரி வெட்டி வைத்த புல். அதில் மூன்று மாடுகள் ஒரு மணி நேரம் நின்றிருந்தன. நின்றது மட்டுமா!

நிலம் நூறு ஏக்கர். டெல்மாவின் அப்பா வழி வந்தது, பத்திரமும் அவள் பெயரில்தான். வறட்சியில் பசுக்களை எல்லாம் மெர்வ் விற்றுவிட்டார். மிஞ்சியது ஒரே ஒரு காளை. அதற்கு மேயர் என்று பெயர். பகல் முழுக்க மரத்தடியில் தாடையைத் தரையில் வைத்துத் தூங்குவது தவிர வேறு ஒரு வேலையும் செய்யாததால் அந்தப் பெயர். அது என்ன இனம் என்று யாருக்கும் தெரியாது. வாங்க வந்தவர்களும் அந்தத் தூக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். அடிவயிற்றில் எப்போதும் ஏதாவது கீறல் இருக்கும். முள்ளுச்செடியில் புரண்டு படுக்கிறது என்று மெர்வ் மருந்து தடவுவார். மனிதர் யாரையும் நம்பாத மெர்வுக்கு, ஊரிலேயே தன்னை ஏமாற்றாத ஜீவன் அது ஒன்றுதான் என்று ஒரு எண்ணம் உண்டு.

இப்போது மழை பெய்துவிட்டது. இடுப்பளவு புல். தின்னத்தான் வாய் இல்லை. மக்கடேமியா கொட்டை வளர்க்கும் கம்பெனிக்காரன் ஒருவன் குத்தகைக் காகிதத்தோடு இரண்டு முறை வந்து டெல்மாவிடம் தேநீர் குடித்துவிட்டுப் போனான்.

“மாசக் கடைசிக்குள்ள இந்தப் புல்லை ஏதாவது ஒரு நல்ல மாடு மேயணும். இல்லேன்னா நான் கையெழுத்துப் போட்டுடுவேன்” என்று டெல்மா சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்வாள். அதனால்தான் மெர்வ் அவளைக் கட்டிக்கொண்டார், அதனால்தான் பயந்தும் சாகிறார். நாற்பது வருஷம் மாடு வளர்த்தவன் கடைசியில் கொட்டைமரத்துக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்காருவதா?

எந்த இனம் வாங்குவது என்று தீவனக் கடையில் கேட்டதுதான் முதல் தப்பு. கூம்பெல்லில் ஒருவனுடைய சாமியைக்கூடக் குறை சொல்லலாம், மாட்டைச் சொல்ல முடியாது. ஹியர்ஃபோர்டு என்றான் ஒருவன், ஆங்கஸ் என்றான் இன்னொருவன். மத்தியானத்துக்குள் அவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோனது.

மெர்வுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒருத்தன் ஒரு மாட்டைப் புகழ்ந்தால் அதை நம் தலையில் கட்டப் பார்க்கிறான். இகழ்ந்தால் தானே வைத்துக்கொள்ளப் பார்க்கிறான். ஆகவே யார் சொல்வதையும் கேட்காமல், மாட்டுத் தரகன் பாட்டரிடம் பத்து நாள் வைத்துப் பார்த்து வாங்குவதாகப் பேசித்தான் அந்தத் திமில் மாடுகளைக் கொண்டுவந்தார். உண்ணி கடிக்காது, வெயில் தாங்கும். எல்லாம் சரி, குதிரை மாதிரி தாண்டும் என்பதை பாட்டர் சொல்லவில்லை.

“தாண்டாத மாடு வேணும்” என்றார் மெர்வ், திமில்களைத் திருப்பி ஏற்றியபடி.

பாட்டர் தலையைச் சொறிந்தான். “குட்டை ஆங்கஸ் இருக்கு. உன் தொடை உசரம்தான். சின்ன நிலத்துக்குன்னே வளர்த்தது. தாண்டவே தாண்டாது, நான் கேரண்டி.”

“நீ கேரண்டி குடுக்கும்போதுதான்யா எனக்குச் சந்தேகமே வருது.”

கேரண்டி பொய்க்கவில்லை. குட்டை ஆங்கஸ் எட்டும் தாண்டவில்லை. அடிக்கம்பிக்குக் கீழே முட்டி போட்டு நுழைந்து டெல்மாவின் பூசணித் தோட்டத்துக்குப் போய்விட்டன. ஊர்க் கண்காட்சிக்கென்று அவள் பால் ஊற்றி வளர்த்த ஒரு பூசணி இருந்தது. மூன்று வருஷமாக இரண்டாம் பரிசே வாங்கிச் சலித்தவள். இந்த வருஷம் அந்தப் பூசணியை இரண்டு பேர் சேர்ந்துதான் புரட்ட முடியும்.

முடிந்திருக்கும்.

டெல்மா தோட்டத்தில் வந்து குனிந்தாள். பூசணித் தோலில் மிச்சமிருந்த ஒரு துண்டைக் கையில் எடுத்தாள்.

“மாசக் கடைசி இல்ல. சனிக்கிழமை.”

“டெல்மா, அதுக்கு இன்னும் நாலு நாள்தான்...”

“எனக்கு எண்ணத் தெரியும்.”

பூசணி தின்ற எட்டும் ஓடையைக் கடந்து பக்கத்து நிலத்துக்குப் போயிருந்தன. அது கிளிஃப் டரன்ட்டின் நிலம். ஓடைக்கரை என்பதால் வறட்சியிலும் அவன் பக்கம் கொஞ்சம் பச்சை இருந்தது. அதற்காகவே மெர்வ் அவனை மன்னிக்கவில்லை. மாட்டை விரட்டிக்கொண்டு மேடேறிய மெர்வ் அப்படியே நின்றுவிட்டார்.

மரநிழலில் பன்னிரண்டு கிடேரிகள். தேன் நிறம். அகன்ற முதுகு, குட்டைக் கால், உண்ணி தங்காத வழவழப்பான தோல். மத்தியான வெயிலில் பன்னிரண்டும் தாடையைத் தரையில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. மெர்வ் பக்கத்தில் போய் ஒன்றின் முதுகைத் தட்டினார். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

‘தின்றதை ஒரு அவுன்ஸ் வீணாக்காம உடம்புல சேர்க்குது பார்! இதுவல்லவா ஜாதி!’

டரன்ட் வந்தான். நெட்டை மனிதன், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துபவன். பொய் சொல்ல வராது. சொல்ல முயன்றால் காது சிவந்துவிடும்.

“இது என்ன இனம்டா, கிளிஃப்?”

டரன்ட்டின் காது சிவந்தது. “இனமா? இனமெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா, மாடுதான்.”

“சும்மா மாடா?”

“கலப்பு. உருப்படாத கலப்பு. உனக்கு வேண்டாம், மெர்வ்.”

மெர்வின் கணக்கு டக்கென்று வேலை செய்தது. இகழ்கிறான்!

அன்று சாயங்காலமே குட்டை ஆங்கஸ் எட்டையும் திருப்பி ஏற்றிவிட்டு பாட்டரைப் பிடித்தார். “கிளிஃப் எங்க காளை வாங்கினான்?”

“வாங்கலையே. அவன் காளை பாம்பு கடிச்சுச் செத்து நாலு வருஷமாச்சு. அப்புறம் வாங்கவே இல்ல.”

“அப்ப கன்னு வானத்துலேர்ந்து குதிச்சுதா?”

“சினை ஊசி போட்டிருப்பான்” என்றான் பாட்டர், தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசும் வழக்கப்படி. “வெளிநாட்டுச் சரக்கா இருக்கும். குளிர்பெட்டில வச்சு வருமே.”

மெர்வுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தேவாலயத்தில் தட்டு ஏந்துகிறான், வீட்டுக்குள் வெளிநாட்டு ரகசியத்தைப் பூட்டி வைத்திருக்கிறான்!

புதன்கிழமை விலை கேட்டார். டரன்ட் மாட்டேன் என்றான். வியாழக்கிழமை விலையை ஏற்றிக் கேட்டார். டரன்ட்டுக்கு வியர்த்தது.

“மெர்வ், இதை உனக்கு விக்கறது எனக்கு மனசு ஒப்பல. உங்கிட்ட ஒரு விஷயம் ரொம்ப நாளா சொல்லணும்னு...”

“சொல்லாதே.”

“இல்ல, நான் உண்மையைச்...”

“உண்மையைச் சொல்றேன்னு எவனாவது ஆரம்பிச்சா நான் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்குவேன். நோய் இருக்கா?”

“இல்ல.”

“திருடினதா?”

டரன்ட் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். “மாடு திருட்டு இல்ல” என்றான் கடைசியில்.

“அப்ப வாயை மூடு.”

வெள்ளிக்கிழமை வந்தது. டெல்மா மேசைமேல் பேனாவை எடுத்து வைத்துவிட்டாள். மெர்வுக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. இந்தக் கிடேரிகள் வந்தால் மேயரை என்ன செய்வது? தூங்குமூஞ்சி ஆனாலும் காளை காளைதானே. வெளிநாட்டு உயர்ந்த ரத்தத்தில் இந்த ஊர்பேர் தெரியாத கழிசடை ரத்தம் கலந்துவிட்டால் போட்ட முதல் போச்சு.

யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மலர்ந்தது. தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

டரன்ட் வீட்டு வாசலில் நின்று, “கடைசிப் பேச்சு” என்றார். “நேத்துச் சொன்ன விலை. அதுல ஆயிரத்தைக் கழிச்சுக்கிட்டு என் மேயரை நீ எடுத்துக்க. நல்ல காளைடா. அமைதி. வேலியைத் தொடவே தொடாது. இருக்கிற இடத்தை விட்டு அசையாது.”

இவ்வளவு நல்ல குணங்களை மேயர் மேல் ஏற்றிச் சொன்னதில் மெர்வுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்றுதான் நினைத்திருந்தார்.

டரன்ட்டின் முகம் போன போக்கு விசித்திரமாக இருந்தது. முதலில் வெளுத்தது. அப்புறம் இரண்டு காதும் பழுத்த தக்காளியாக ஆயிற்று.

“மேயரையா? எனக்கா? நிஜமாவா?”

“கையைக் குடு.”

“மெர்வ், கையைக் குடுக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லியே ஆகணும். அந்த மேயர்...”

“நான் விக்கற காளையைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? கையைக் குடுடா!”

டரன்ட் கையைக் கொடுத்தான். கூம்பெல்லில் கை கொடுத்துவிட்டால் அப்புறம் திரும்பப் பேசக் கூடாது. பேசுகிறவனுக்கு அதற்குப் பிறகு யாரும் பீர்கூட வாங்கித் தர மாட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மெர்வ் விசிலடித்துக்கொண்டே வந்தார். “ஆயிரம் டாலருக்கு அந்தத் தூங்குமூஞ்சியை அவன் தலையில கட்டிட்டேன்” என்று டெல்மாவிடம் சொன்னார். “பாவம், கிளிஃபுக்கு மாடு பார்க்கவே தெரியல.”

“மாடு வரட்டும், பார்க்கலாம்” என்றாள் டெல்மா. பேனாவை அவள் மேசையிலிருந்து அகற்றவில்லை.

சனிக்கிழமை காலை பாட்டரின் லாரி பன்னிரண்டு கிடேரிகளையும் இறக்கியது. இறங்கின. சுற்றிப் பார்த்தன. நேராக மேயரின் மரத்தடிக்குப் போய், தாடையைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டன. வேலியைத் தாண்டவும் இல்லை, நுழையவும் இல்லை. டெல்மா பன்னிரண்டையும் சுற்றி வந்தாள். ஒன்றின் முதுகில் கை வைத்து அழுத்தினாள்.

“நல்ல மாடு, மெர்வ்” என்றாள்.

நாற்பது வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. குத்தகைக் காகிதம் அடுப்புக்குப் போனது. மெர்வ் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். கண்ணில் தூசி.

“சரி, இந்தக் கிழட்டுத் துரையை ஏத்திவிடுவோம்” என்றார் பாட்டரிடம். டரன்ட் வீடு வேலிக்கு அப்பால்தான். ஆனால் லாரி பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஏழு கிலோமீட்டர் போக வேண்டும். இரண்டு பேரும் மேயரை எழுப்பப் பார்த்தார்கள். பாட்டர் வாலைத் திருகினான், மெர்வ் காதில் கத்தினார். மேயர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் டரன்ட்டின் மனைவி பெரில், கூடையில் முட்டை எடுத்துக்கொண்டு போனவள் நின்று பார்த்தாள். கிளிஃப் மெர்விடம் எல்லாம் சொல்லிவிட்டான் என்றே நினைத்திருந்தாள் அந்த அம்மாள். சிரித்துக்கொண்டே குரல் கொடுத்தாள்:

“அவரை ஏன் லாரில ஏத்தி அலைக்கழிக்கிறீங்க, மெர்வ்? இருட்டட்டும், நாலு வருஷமா தாண்டற மாதிரி இன்னைக்கும் வேலியைத் தாண்டி அவரே வந்துடுவாரு. ஆனா பாவம், அவர் பெத்த பொண்ணுங்க பன்னெண்டையும் நீங்க இப்படி ஒரே நாள்ல பிரிச்சிருக்க வேணாம்!”