பாதிரியாருக்கு நாங்கள் எடுத்த விழா

உலக வரலாற்றில் சமத்துவம் தழைத்த இடங்கள் இரண்டுதான். ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஸ்ரா வின்ஃபீல்ட் பாதிரியார் நடத்திய வகுப்பறை. மற்றது, ஒஸ்லோவில், ரொம்மன் மண்டபத்தில், பழைய மாணவர் சங்கத்தார் நாங்கள் வருடாவருடம் அவருக்கு எடுக்கும் விழா. சங்கத்தின் செயலாளரே நான்தான் என்பதால் இதில் மிகை எதுவும் இருக்க வாய்ப்பில்லை.

பாதிரியார் அமெரிக்காக்காரர். வாலிப வயதில் யாழ்ப்பாணம் வந்து எங்கள் கல்லூரியை நிறுவினார். எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார். பெரிய வீட்டுப் பெற்றோர் கொதித்தெழுந்து தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். வாங்கை மாற்ற முடியாது என்று பாதிரியார் சொல்லிவிட்டார். பிறகு அமெரிக்கா திரும்பி ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானார். அங்கே ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்தபோது, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிப்பை விட்டுப் போவதாக மிரட்டினார்கள். பாதிரியார் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாராம்.

இப்பேர்ப்பட்டவரை மறக்கலாமா? படத்துக்கு மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, வடையும் படைக்கிறோம். அவர் கிறிஸ்தவர் என்பதை நாங்கள் ஒரு குறையாகவே எடுப்பதில்லை.

இந்த வருடம் விழா நெருங்கும்போது எங்கள் தலைவர் குகநேசன் அண்ணைக்கு ஒரு சோதனை வந்தது. பல் வைத்தியரான அவருடைய மகள் ராகவி, கஜரூபன் என்ற பையனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். பையன் பொறியியலாளர். குடிப்பதில்லை. நல்ல தமிழ் கதைப்பான். எல்லாம் இப்படிப் பொருந்தி வந்ததால் எங்களுக்குச் சந்தேகம் வந்தது. தலைவர் வீட்டில் செயற்குழு அவசரமாகக் கூடியது.

"விசாரிச்சனீரோ?" என்றார் தலைவர் என்னிடம்.

விசாரித்திருந்தேன். எங்கள் 'விசாரணை'க்கு முன்னால் எந்த நாட்டுப் புலனாய்வும் நிற்காது. ரொறன்ரோவுக்கு ஒரு போன், பாரிசுக்கு ஒரு போன். பையனின் அப்பப்பாவை எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ள விடவில்லை என்பதுவரை வந்து சேர்ந்துவிட்டது.

"எங்கடை ஆக்கள் இல்லை, அண்ணை."

தலைவர் கண்ணை மூடினார். "ஒரு வெள்ளைக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே! ஆரின்ரை பிள்ளை எண்டு ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டினம்."

ராகவி வாசலில் நின்றாள். "அப்பா, நீங்கள் சாதி பாக்கிறீங்களோ?"

"சீச்சீ! நோர்வேயிலை இருந்துகொண்டு ஆராவது சாதி பாப்பினமோ? ஊர் பாக்கிறம், வட்டாரம் பாக்கிறம், குடும்பம் பாக்கிறம். அவ்வளவுதான்."

"அப்ப வாங்கோ. றோட்ஹூஸ் நகரசபை மண்டபத்திலை கலியாண எழுத்து நடக்கேக்கை நீங்கள் எனக்குப் பக்கத்திலை நிக்கவேணும், அப்பா. நீங்கள் இல்லாட்டி எனக்கு அது கலியாணமே இல்லை."

எனக்கே நெஞ்சு கனத்தது. ஆனால் சங்கத்துக்கு நெஞ்சு கிடையாது, யாப்பு விதிகள்தான் உண்டு.

"விழா முடியட்டும், சொல்லுறன்" என்றார் தலைவர்.

விழா அன்று மண்டபம் நிறைந்தது. தலைவர் பாதிரியாரின் வாழ்க்கையை உருக்கமாகப் பேசினார். வாங்குக் கதை வந்ததும் அவருக்கே கண்ணீர் வந்தது. கைதட்டினோம். அந்த நேரம் கஜரூபன் தன் தாய் செல்வமலரோடு வந்து, முன்வரிசையில் ராகவிக்குப் பக்கத்தில் இருந்தான். தலைவரின் மனைவி சிவநாயகி எழும்பினார். அவரோடு மிச்ச வரிசையும் எழும்பிப் பின்னுக்குப் போனது. யாரும் யாரையும் ஏசவில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பின்வரிசையில் காற்று நன்றாக வந்தது, அவ்வளவுதான்.

ராகவி எழுந்து நின்றாள். "அப்பா, அண்டைக்குப் பிள்ளையளை இழுத்துக்கொண்டு போன ஆக்களின்ரை பேர் என்ன?"

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தபடி விழித்தார். "அதுகளை ஆர் பிள்ளை ஞாபகம் வைச்சிருக்கினம்?"

"நான் வைச்சிருப்பன், அப்பா."

செல்வமலரின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே போனாள். கஜரூபனும் போனான். தலைவர் உரையின் மிச்சத்தைப் பேசி முடித்தார். நாங்கள் எழுந்து நின்று பாதிரியாருக்கு மரியாதை செய்தோம்.

அடுத்த கிழமை றோட்ஹூசில் எழுத்து நடந்தது. தலைவர் போகவில்லை. சங்கத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. பாதிரியார் உயிரோடு இருந்திருந்தால் முதல் ஆளாகப் போயிருப்பார். அதனால்தான் நாங்கள் செத்த பாதிரியாருக்கு மட்டும் விழா எடுக்கிறோம்.