முதுகில் பார்த்த மீசை

"நீலச் சட்டை. அதுல சந்தேகமே வேண்டாம்" என்று மூக்குக்கண்ணாடிக் கடை மேனேஜர் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

எதிர்ப்பக்கக் காவல் நிலையத்திலிருந்து வந்திருந்த ஏட்டு எழுதிக்கொண்டார். பன்னிரண்டு புது ஃபிரேம்கள் அடுக்கியிருந்த தட்டு, மேசையிலிருந்து அப்படியே மாயமாகிவிட்டது. அப்போது மேனேஜர் ஃபோனில் யாருடனோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிய ஒரு நொடியில் தட்டும் கையுமாக ஒரு உருவம் வாசலைத் தாண்டியது. பார்த்தது அவ்வளவுதான்.

அவருக்கு அதுவே ஏராளம். கடையில் அவர் பெயர் 'கேமரா'. யாரும் வைத்ததல்ல, அவரே வைத்துக்கொண்டது. "என் கண்ணு இருக்கறப்போ வேற கேமரா எதுக்கு?" என்று கண்காணிப்புக் கேமரா வாங்க விடாமல் முதலாளியின் வாயை அடைத்தவரும் அவர்தான். இன்று முதலாளி அதை நினைத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"ஆள் எப்படி?" என்றார் ஏட்டு.

"ஆறடி. ஒரு அங்குலம் கூடவே இருப்பான்."

"மீசை?"

"முறுக்கு மீசை."

கண் பரிசோதனை செய்யும் பெண் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சார், நீங்க பார்த்தது முதுகைத்தானே?"

"முதுகைப் பார்த்தே மீசையைச் சொல்ற ஆளும்மா நான். நீங்க எழுதுங்க ஏட்டய்யா."

ஏட்டு எழுதினார். கைக்கடிகாரம் கட்டியிருந்தானா என்று கேட்டார். கட்டியிருந்தான், தங்க நிறம், மணி பத்து இருபது. கேட்காததெல்லாம்கூட வந்து விழுந்தது. தெருவில் ஒரு சிவப்புக் கார் காத்திருந்தது. டிரைவர் தலையில் தொப்பி. மேனேஜரின் நாற்காலியிலிருந்து பார்த்தால் வாசல்படி மட்டும்தான் தெரியும், தெரு தெரியாது. அதைச் சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். ஆறடி. முறுக்கு மீசை. நீலச் சட்டை. மணிக்கட்டில் தங்க நிறக் கடிகாரம்.

ஏட்டு ஒரே தாவலில் அவர் சட்டையைப் பிடித்தார்.

"விடுய்யா! அது என் மாப்பிள்ளை!" என்று முதலாளி அலறினார்.

"என்ன மாமா இது? கண்ணாடி ரெடியான்னு கேட்க வந்தா கழுத்தைப் பிடிக்கிறாங்க! உங்க பொண்ணுக்கு இப்பவே ஃபோன் போடறேன்."

"நேத்து இவர் வந்தப்போ பார்த்ததையெல்லாம் இன்னிக்குத் திருடன் தலையில கட்டிட்டீங்களா சார்?" என்று கேட்டாள் பரிசோதனைப் பெண்.

முதலாளி மேனேஜர் பக்கம் திரும்பினார். "எம் மாப்பிள்ளை திருடனாய்யா? சாயங்காலத்துக்குள்ள உன் சீட்டைக் கிழிக்கிறேன் பாரு!"

மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் 'நான் சரியாகப் பார்க்கவில்லை' என்ற மூன்று வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவில்லை. அது அவர் பிறவியிலேயே இல்லாத வாக்கியம்.

"ஏட்டய்யா, ஒரு சின்னத் திருத்தம். ஆள் குட்டை. வெளிச்சத்துல நீண்டு தெரிஞ்சான்."

"மீசை?"

"மழுமழுன்னு சவரம் பண்ண மூஞ்சி. நிழல் விழுந்து மீசை மாதிரி இருந்துச்சு."

"சட்டை?"

"வெள்ளை. கதவுக் கண்ணாடியில நீலமா அடிச்சுது."

மாப்பிள்ளையிடமிருந்து எவ்வளவு தூரம் விலகினால் அவ்வளவு நல்லது என்று அவருக்குத் தோன்றியது. "முன்வழுக்கை. கொஞ்சம் தொப்பை. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான்" என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

ஏட்டின் பேனா நின்றது. மேனேஜரை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார். பிறகு, வாடிக்கையாளர்கள் முகம் பார்க்க வைத்திருந்த மேசைக் கண்ணாடியை மெதுவாக அவர் பக்கம் திருப்பிவைத்தார்.

"இந்த ஆளா பாருங்க."

"ஐயோ! நான் ஃபோன்ல பேசிட்டிருந்தேன் ஏட்டய்யா!"

"திருடறவன் ஃபோன் பேசக் கூடாதுன்னு சட்டமா? ஸ்டேஷன் வரைக்கும் வாங்க."

தோளில் கை விழுந்தது. மேனேஜர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை கதவைத் திறந்து வழிவிட்டார்.

திறந்த கதவு வழியாக, நீல மேல்கோட்டு போட்ட ஒரு குட்டையான பெண்மணி உள்ளே நுழைந்தாள். இரண்டு கையிலும் தட்டு. தட்டில் பன்னிரண்டு ஃபிரேம்களும் பளபளத்தன.

மேனேஜர் துள்ளிக் குதித்தார். "இவதான்! இவளேதான்! நீலம்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா? யாரும்மா நீ? எந்த ஊர்க் கும்பல்?"

அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு ஈரக்கையை மேல்கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாக் கேட்டீங்க போங்க! அஞ்சு வருஷமா இந்தக் கடையைக் கூட்டறவ நான். தட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் காயவச்சு எடுத்துட்டு வான்னு, ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டே என் கையில குடுத்தது நீங்கதானே சார்!"