தெரியாமைச் சான்றிதழ்

உத்தியோகத்தர்கள் தம்மைத் தாமே மேம்படுத்திக்கொள்ள வேண்டும் என்று மேலிடம் தீர்மானித்தது. தீர்மானித்த கையோடு ஒரு செயலமர்வும் வைத்தது. கோட் போட்ட வளவாளர் ஒருவர் பயிற்சி கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்து, எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, அடுத்த வருடத்தில் தாங்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்க்கச் சொன்னார். முல்லைத்தீவுப் பக்கத்து அலுவலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்த சிவலட்சுமி கண்ணை மூடினாள்; அப்படியே நித்திரையாகிவிட்டாள்.

"இவா எவ்வளவு ஆழமாகப் பார்க்கிறா, கவனியுங்கள்" என்றார் வளவாளர்.

அவளுக்கு வீடு வட்டக்கச்சிக்குப் பக்கத்தில். புருசன் கட்டாரில். இரண்டு பஸ் மாறி, இருட்டோடு புறப்பட்டு இருட்டோடு திரும்புகிறவள். ஐந்து வயது மகள் சாரங்கா விழித்திருப்பதைச் சனி ஞாயிறில்தான் கண்டாள். ஊருக்கு இடமாற்றம் கேட்டு அனுப்பிய விண்ணப்பங்கள் யாவும் 'கவனத்தில் எடுக்கப்பட்டிருந்தன'.

ஆகவே செயலமர்வின் முடிவில் சொன்ன ஒரு வசனம் மட்டும் அவளை முழுதாக எழுப்பியது. ஒவ்வொருவரும் இரண்டு எளிய புதிய திறன்களைத் தமது தனிநபர் இலக்குப் பட்டியலில் எழுதி, வருட முடிவுக்குள் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றவர்களுக்கு இடமாற்றத்தில் முன்னுரிமை.

"என்ன எழுதப் போறாய் பிள்ளை?" என்று கேட்டார் பிரதம லிகிதர் அப்புத்துரை.

"கேக் அடிக்கிறது. கம்பியூட்டரில படம் கீறுறது."

"விசர்க்கதை. தெரியாததை எழுதினால் படிக்க வேணுமெல்லோ. தெரிஞ்சதை எழுது."

அலுவலகம் முழுவதும் அப்படித்தான் எழுதியது. சிவலட்சுமி எழுதினாள்: சைக்கிள் ஓடுதல், இடியப்பம் பிழிதல். தர்ஷன் என்ற புதுப் பொடியன் மட்டும் நீச்சல் என்று எழுதிவிட்டு, உண்மையாகவே களப்புக்குள் இறங்கினான்.

இரண்டு மாதத்தில் அடுத்த சுற்றுநிருபம் வந்தது. கற்றல் என்பது தெரியாத நிலையிலிருந்து தெரிந்த நிலைக்கு நகர்வதாகையால், தெரியாத நிலையிலிருந்தமைக்கு ஒவ்வொருவரும் கிராம அலுவலரின் சான்றிதழைச் சமர்ப்பிக்க வேண்டும்.

சிவலட்சுமி சனிக்கிழமை காலை சைக்கிளில் போய், பெல் அடித்து, கிராம அலுவலரான ஜீ.எஸ். செல்வராசாவின் வேலியில் சைக்கிளைச் சாத்தினாள்.

"என்ன தங்கச்சி, விடியவே?"

"எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதெண்டு ஒரு கடிதம் வேணும் அண்ணை."

செல்வராசா பேனையைத் திறந்தார். வேலியைப் பார்த்தார். பேனையை மூடினார். நேர்மைக்குப் பெயர் போனவர்.

"கண்ணால கண்டிட்டனே."

"அப்ப ஏலாதோ?"

"கண்டதை மறைச்சு எழுத எனக்கு மனம் வராது. ஒண்டு செய்யுங்கோ. சைக்கிளைச் சந்தியில விட்டிட்டு நடந்து வாங்கோ. அப்ப நான் காணேல்லை."

அவள் சந்திவரை சைக்கிளிலேயே ஓடிப்போய், அதை அங்கே விட்டுவிட்டு நடந்து வந்தாள். அவ்வளவு நேரமும் செல்வராசா நீதியை முன்னிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: 'மேற்படியார் எனது அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை சைக்கிள் ஓடத் தெரியாதவர் என்பதோடு நன்னடத்தை உள்ளவர் என்றும் உறுதிப்படுத்துகிறேன்.'

குசினி சம்பந்தப்பட்ட தெரியாமைக்கு வீட்டிலுள்ள மூத்தவரின் வாக்குமூலமும் வேண்டும் என்றார். மாமி இரஞ்சிதம் விசயத்தைக் கேட்டதும் எழும்பிப் போய்க் கண்ணாடியை எடுத்து வந்தார்.

"இவளுக்கு இடியப்பம் பிழியத் தெரியாதெண்டு நான் கலியாணம் முடிஞ்ச கிழமையிலயிருந்து சொல்லுறன். ஆர் கேட்டது? கடைசியில அரசாங்கம் கேட்டுது."

ஒரு வரி போதும் என்றிருந்த இடத்தில் தாளின் இரண்டு பக்கத்தையும் நிரப்பினார். "சொதியையும் சேர்க்கட்டோ?"

"சொதி பட்டியலில இல்லை மாமி."

"சரி, அது அடுத்த வருசத்துக்கு இருக்கட்டும்."

முத்திரை குத்திய கடிதத்தின் பிரதியொன்றை மாமி லாமினேட் பண்ணிக் குசினிச் சுவரில் தொங்கவிட்டார்.

தர்ஷனுக்கோ கடிதம் கிடைக்கவில்லை. கடற்கரையில் பிறந்தவனுக்கு நீந்தத் தெரியாதென்று எழுதினால் தன்னுடைய உத்தியோகம் என்னாவது என்று அவனுடைய ஜீ.எஸ். கேட்டுவிட்டார். களப்புத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்து நீந்தப் பழகியவன், கோப்பின்படி எதையும் கற்காதவனானான். விளக்கம் கோரிக் கடிதம் போனது.

வருட முடிவில் மதிப்பீட்டாளர் வந்தார். இடியப்பத்தைத் தின்று பார்த்துச் சித்தியளித்தார். சைக்கிளுக்கு மூன்று புகைப்படம் தேவைப்பட்டது: ஆரம்ப நிலை, இடைநிலை, அடைவு நிலை. ஆரம்ப நிலையில் விழ வேண்டும். சிவலட்சுமி மூன்று தரம் விழுந்தாள்.

"இயல்பாயில்லை மிஸ். விழ முதல் பிறேக் பிடிக்கிறியள்" என்றார் மதிப்பீட்டாளர்.

அப்புத்துரை காதுக்குள் சொன்னார்: "கண்ணை மூடு பிள்ளை. அடுத்த வருசத்தைப் பார்."

மூடினாள். கொடிக்கம்பத்தில் மோதி முழங்கால் உரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

தை மாதம் இடமாற்றம் வந்தது. வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய கிளை அலுவலகம். முதல் நாளே, பின்னேரம் வெளிச்சத்தோடு வீட்டுக்குப் போய் மகளோடு விளையாடலாம் என்று நினைத்துக்கொண்டு கதிரையில் அமர்ந்தாள். மேசையில் புதிய சுற்றுநிருபம் இருந்தது. உத்தியோகத்தர் மத்தியில் திட்டம் பூரண வெற்றியளித்தமையால் அது பொதுமக்களுக்கும் விரிவாக்கப்படுகிறது. தெரியாதவர்களுக்கே பயிற்சி; பயிற்சி பெற்றவர்களுக்கே உதவிப்பொருள். தெரியாமையை உறுதிப்படுத்த, அனுபவமுள்ள உத்தியோகத்தர் ஒருவர் நியமிக்கப்பட்டுள்ளார்.

அனுபவமுள்ளவள் நிமிர்ந்து பார்த்தாள். வரிசை வாசலைத் தாண்டி, வாய்க்கால் மதகைத் தாண்டி நின்றது.

முதல் ஆள் பரமேஸ்வரன். அவள் வீட்டு அரிசி அவருடைய வயலில் விளைவது.

"வயல் செய்யத் தெரியாதெண்டு எழுது பிள்ளை. பசளை வேணும்."

"கால் முழுக்கச் சேறு, பெரியப்பா."

"வயலுக்காலதானே வாறன்."

"பைப்பில கழுவிப்போட்டு வாங்கோ. அப்ப நான் காணேல்லை."

அவர் கழுவப் போனார். அவருக்குப் பின்னால் தையற்காரி, தைக்கத் தெரியாதென்று. மேசன், கல்லு வைக்கத் தெரியாதென்று. வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. சிவலட்சுமி நிமிராமலே முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ஆள். என்ன தெரியாது?"

"இடியப்பம் பிழிய."

தெரிந்த குரல். நிமிர்ந்தாள். மாமி, ஒரு கையில் சாரங்கா, நன்றாக விழித்துக்கொண்டு.

"மாமி..."

"காஸ் அடுப்புக் குடுக்கினமாம். வீட்டில ரெண்டு பேருக்கும் தெரியாதெண்டால் ரெண்டடுப்பு. என்ன பாக்கிறாய்? குத்து."

குத்தினாள். சாரங்கா மேசை விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கும் ஒண்டு."

"உங்களுக்கு என்ன தெரியாது குஞ்சு?"

பிள்ளை யோசித்தது. முத்திரையைப் பார்த்தது, வரிசையைப் பார்த்தது.

"எனக்கு எல்லாம் தெரியும்."

வரிசை முழுவதும் பிள்ளையைப் பரிதாபமாகப் பார்த்தது. கால் கழுவி வந்து நின்ற பரமேஸ்வரன் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னார்:

"இப்பிடி வெளியில சொல்லக்கூடாது பிள்ளை. ஒண்டும் தரமாட்டினம்."