பீறிட்டால் உடனே ஆள் வரும்

"கசியுதா, சொட்டுதா, பீறிடுதா?" என்று போனில் கேட்டாள் பராமரிப்பு ஆபீஸ்காரி.

பஸ் டிரைவருக்கு எரிச்சல் வந்தது. "குழாயில தண்ணி வருதும்மா. வரக்கூடாத இடத்துல வருது. அவ்வளவுதான்."

"அப்படிச் சொன்னா பதிவு பண்ண முடியாது சார். சுவர் நனைஞ்சா கசிவு. கீழ விழுந்தா சொட்டு."

"சுவர்தான் நனையுது. பூஞ்சை பூத்துக் கிடக்கு."

"கசிவு. அடுத்த மாசம் ஆள் வரும்."

"அடுத்த மாசமா? நாளைக்கு என் பொண்ணு பச்சைக் குழந்தையோட வரா. இந்த ரூம்லதான் படுக்கப் போறா. அதுவரைக்கும் பேரனைக் குடை பிடிச்சுக்கிட்டா வளர்க்கச் சொல்றீங்க?"

"நான் என்ன சார் பண்றது? விதி அப்படி."

ஆபீஸ் என்று ஒன்று இருந்தால் அதற்குள் ஒரு விதி இருக்கும். விதிக்குள் ஒரு சந்து இருக்கும். நாற்பது அடி பஸ்ஸைச் சந்தில் ஓட்டிப் பழகிய ஆளிடம் சந்தைப் பற்றிப் பேசக் கூடாது.

"பீறிட்டா எப்ப வரும்?"

"உடனே வரும்."

"பீறிடறதுன்னா என்ன அளவு?"

"நின்னு என்கிட்ட விளக்கம் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டீங்க சார். அலறுவீங்க."

டிரைவர் ஒரு கணம் யோசித்தார். அப்புறம் அலறினார். "ஐயோ! பீறிடுது!"

"இப்பதானே கசியுதுன்னீங்க?"

"பேசிக்கிட்டே இருந்தா அது சும்மா இருக்குமா? அடிக்குதும்மா, அடிக்குது!"

"சரி, அவசரம்னு பதிவு போட்டுட்டேன். ஆனா ஆள் வந்து பார்த்துப் பொய்னு எழுதினா, உங்க வீட்டுக்கு இனிமே யாரும் வரமாட்டாங்க. குழாய் வெடிச்சாலும் சரி."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். அவர் மனைவி கையில் குழந்தைத் தொட்டிலுக்கான புது விரிப்போடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"எங்க பீறிடுது?" என்றாள்.

"இனிமேதான் பீறிடணும்."

"யாரு, நீங்களா?"

சுவரிலிருந்து முழங்கை நீளம் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு துண்டுகளைச் சேர்த்த இடத்தில் பெரிய நட்டு. அதன்மேல் சுற்றியிருந்த கந்தலை டிரைவர் அவிழ்த்தார். ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று வரலாமா வேண்டாமா என்று விளிம்பில் தொங்கியது. வராமலே நின்றுவிட்டது.

"பார்த்தியா இதை? இத்தனை நாளா இடைவிடாம அழுதுக்கிட்டிருந்த சனியன், ஆள் வரப்போறான்னதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

"நின்னுபோச்சுன்னா நல்லதுதானே?"

"நல்லதா? பொய்யன்னு எழுதிட்டுப் போயிடுவான். அப்புறம் நாளைக்கே மறுபடி கசியும். நம்ம தாலியை அறுக்கறதுக்குன்னே கசியும்."

"என் தாலியை இதுல இழுக்காதீங்க. ஸ்பேனரை எடுங்க."

எடுத்தார். முதலில் செல்லமாகத் தட்டினார். அப்புறம் தட்டியது செல்லமாக இல்லை. சுவரிலிருந்து காரை பெயர்ந்து தொட்டிலுக்குள் விழுந்தது. தண்ணீர் விழவில்லை. நட்டைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று ஒரு திருகு திருகினார். வயதான நட்டு, இதற்குத்தான் காத்திருந்ததுபோல் கழன்று கையோடு வந்துவிட்டது. குழாய் வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தது. உள்ளே எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது.

"டீசல் டேங்க்ல அடைச்சா என்ன பண்ணுவோம்? உறிஞ்சுவோம்" என்று சொல்லிக் குழாயில் வாயை வைத்தார்.

"ஐயையே, துரு!"

உறிஞ்சினார். கன்னம் இரண்டும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டன. துருதான் வந்தது. துப்பிக்கொண்டிருந்தபோது கதவு அதிர்ந்தது.

"ஆள் வந்துட்டான்! கொஞ்சம் பொறுங்க, இன்னும் பீறிட... இப்பதான் பீறிட்டுக்கிட்டு இருக்கு!" என்று கத்தினார்.

மனைவி கதவுத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். "ஆபீஸ் ஆள் இல்லைங்க. கீழ்வீட்டுக்காரர். இடுப்புல துண்டு. தலையிலேர்ந்து கால் வரைக்கும் சோப்பு நுரை. கண்ணைத் திறக்க முடியாம 'தண்ணி, தண்ணி'ன்னு கத்தறார்."

டிரைவருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. அதாவது, விளங்கியதாக அவர் நினைத்தார்.

"திறக்காதே! நம்ம தண்ணி சுவருக்குள்ளேயே இறங்கி அவன் தலையில கொட்டுது. குளிச்சுக்கிட்டிருந்தவன் சண்டைக்கு ஓடி வந்திருக்கான். அதான் இங்க காஞ்சு கிடக்கு!"

"அப்ப என்ன பண்றது?"

"சுவரைப் பேத்து, போற தண்ணியை வழியிலேயே மறிக்கணும்."

சுத்தியல் வந்தது. கீழ்வீட்டுக்காரர் வெளியே கதவை இடிக்க, இவர் உள்ளே சுவரை இடித்தார். கொஞ்ச நேரத்தில் வெளியே சத்தம் ஓய்ந்தது. சுவரில் ஒரு ஆட்டுக்குட்டி படுக்கிற அளவுக்குப் பொந்து விழுந்திருந்தது. பொந்துக்குள் தண்ணீர் மட்டும் இல்லை.

டிரைவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பேரன் வரப்போற ரூமைக் குகையாக்கிட்டேனே" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. சமையலறைக்குப் போனாள். டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை வாளி நிறைய மொண்டு வந்தாள்.

"எழுந்திருங்க. பீறிட்ட வீடு இப்படியா காஞ்சிருக்கும்?"

பொந்தில் ஒரு வாளி. தரையில் ஒரு வாளி. மூன்றாவது வாளியை அவர் தலையில் கவிழ்த்தாள்.

"என்னை எதுக்குடி?"

"பீறிடும்போது பக்கத்துல நின்ன ஆளு நனையாம இருப்பாரா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு வாளியும் ஊற்றினாள். இதில் அவளுக்கு வேறு ஏதோ பழைய கணக்கும் தீர்ந்தது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவர் வாளியைப் பிடுங்கி மிச்சத்தை அவள்மேல் வீசினார். அவள் வீல் என்று கத்தினாள். இரண்டு பேரும் கிழப்பருவம் மறந்து சிரித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

இந்த முறை உண்மையாகவே ஆபீஸ் அனுப்பிய குழாய் பிட்டர். குள்ளமான மனிதர். இஸ்திரி கலையாத சட்டை. தோளில் பை, கையில் டார்ச்.

"பீறிட்டது இங்கதானே?"

"பீறிட்டதா? அதைப் போய் இவ்வளவு சாதாரணமாக் கேக்கறீங்களே!" என்றார் டிரைவர், மீசையில் தண்ணீர் சொட்ட. "நட்டு துப்பாக்கிக் குண்டு மாதிரி பறந்துச்சு. சுவரையே பேத்துக்கிட்டு வந்துச்சுங்க!"

"என்னைத் தூக்கி அந்த மூலையில போட்டுச்சு" என்றாள் மனைவி.

டிரைவர் அவளைப் பார்த்தார். அவ்வளவு தூரம் அவரே போயிருக்க மாட்டார்.

பிட்டர் பொந்தைப் பார்த்தார். தொட்டிலில் கிடந்த காரையைப் பார்த்தார். டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்த சுத்தியலின் பிடியையும் பார்த்தார். மண்டியிட்டு, டார்ச்சைப் போட்டு, குழாயின் வாயில் ஒரு கண்ணை வைத்தார்.

"இப்ப ஒரு சொட்டுகூட இல்லையே."

"நீங்க வரீங்கன்னு தெரிஞ்சதும் பயந்து நின்னுடுச்சு" என்றார் டிரைவர்.

குழாய்க்குள் எங்கோ ஆழத்தில் நீளமாக ஒரு ஏப்பம் எழுந்தது.

பிட்டர் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அது பயந்து நிக்கலைங்க, நீங்க போன் பண்ணினவுடனே ஆபீஸ்ல சொல்லி வாட்ச்மேன் இந்தக் கட்டடத்துக்கே தண்ணி வால்வை மூடிட்டாரு; பீறிடறதை என் கண்ணால பார்க்காம எழுத முடியாதேன்னு, வரும்போது நான்தான் முழுசாத் திறந்துவிடச் சொல்லிட்டு வந்தேன்."