எண்பத்து நான்கு சதவீதம் நான்

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தங்கை நலம். நான் நலமா என்பது ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தெரிந்துவிடும். நீதிமன்றத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவர் நீங்கள் என்பதால் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பின் தண்ணீர் மோட்டாரைச் செவ்வாய்க்கிழமை மதியம் யாரோ திருடிவிட்டார்கள். போலீசுக்குப் போகும்முன் நாமே கண்டுபிடிக்கலாம் என்று செயலாளர் பதினாறு வீட்டாரிடமும் வாக்குமூலம் வாங்கி, தன் கம்ப்யூட்டரில் இருக்கும் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தார். நான் ஆலையில் வருகைப் பதிவு எழுதியே தலை நரைத்தவன் இல்லையா, அன்று மதியம் 2.10க்குக் கொடியில் காய்ந்த துணியை எடுத்தேன், 2.25க்குக் காலிங்பெல் அடித்தது, யாருமில்லை என்று நிமிஷ சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். மற்றவர்களெல்லாம் "தூங்கிட்டிருந்தேன்" என்று முடித்துவிட்டார்கள். அது என்னைத்தான் பிடித்துக்கொண்டது. குற்றமற்றவர்களுக்கு ஒரு சாதாரண மதியம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்காதாம். அறுபத்திரண்டு சதவீதம் நான்தான் திருடனாம்.

பதறிப்போய், "எனக்கு நேரமெல்லாம் சரியா ஞாபகமில்லைங்க" என்றேன். முன்னுக்குப் பின் முரண், எழுபத்தொன்று என்றது. "முதுகுவலிக்காரன் நான், அவ்வளவு கனத்தை எப்படித் தூக்குவேன்?" என்றேன். கனம் இவருக்கு எப்படித் தெரியும் என்றது. எண்பத்து நான்கு. அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. அதையும் குறித்துக்கொண்டது.

செயலாளர் நல்லவர்தான். "நான் உங்கள சந்தேகப்படல சார், இதுதான் சொல்லுது" என்கிறார், என் முகத்தைப் பார்க்காமல். நான் படியேறினால் கதவுகள் சாத்திக்கொள்கின்றன. நேற்று உங்கள் தங்கையே கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கேட்டதற்கு, "பெருக்கலாம்னு பார்த்தேங்க" என்றாள். கையில் துடைப்பம் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். ஞாயிற்றுக்கிழமை அந்த அறிக்கை போலீசுக்குப் போகிறது. இந்த வயதில் என்னை ஸ்டேஷனில் நிறுத்தினால், கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டுவிடுவேன். இயந்திரம் ஊகித்துச் சொல்வது சாட்சியமாகுமா, அதற்கு எதிராக நான் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உடனே தெரிவியுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எந்த வம்பிலும் மாட்டாமல் நீடூழி வாழட்டும்.

இதுவரை நிரபராதியான,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: என் மனசு சுத்தம் என்று தெரியட்டுமே என்று, ஒட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தைச் செயலாளரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் இதையும் அதனிடம் கொடுத்துவிட்டார். மாட்டிக்கொண்டவன் முதலில் யாருக்கு எழுதுகிறானோ அவர்தான் பெரும்பாலும் கூட்டாளியாம், அதிலும் சட்டம் தெரிந்தவராம். நான் நாற்பதுக்கு இறங்கிவிட்டேன். நீங்கள் தொண்ணூற்றொன்று. உங்கள் விலாசத்தை நான் சொல்லவில்லை மச்சான், உறையைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். தயவுசெய்து பதில் போட வேண்டாம்.