போனட்டைத் திறக்காமல் ஒரு பரிகாரம்

வண்டலூரைத் தாண்டி, வாலாஜாபாத் சாலையை ஒட்டிய ஒரு காலி மனையில் கார்களுக்கென்று ஒரு தெய்வம் அவதரித்திருந்தது. பெயர் குப்புராஜ் ஐயா. மனிதர்களின் வியாதி அவருக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. இழுவை போன கார், மேடு ஏறாத கார், ஷேர் ஆட்டோவை முந்த முடியாமல் முக்கும் கார், இவைதான் அவருடைய பக்தகோடிகள். ஓட்டி வருகிறவர்கள் சும்மா துணைக்கு.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்திருக்க வேண்டும். தாம்பரத்து வண்டி, பம்மல் வண்டி, செம்பாக்கத்து வண்டி எல்லாம் சாலை வரை வரிசையில் நிற்கும். கம்ப்யூட்டர் கம்பெனியில் அதிகாரியாக இருப்பவர்கள், பள்ளியில் விஞ்ஞானம் நடத்துகிறவர்கள், எல்லோர் கையிலும் எலுமிச்சம்பழம். ஐயாவிடம் மத பேதம் கிடையாது. திருநீற்றைப் பார்த்தால் கற்பூரம், தொப்பியைப் பார்த்தால் ஊதுபத்தி, சிலுவைச் சங்கிலியைப் பார்த்தால் ஒலிவ எண்ணெய். மொட்டை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

வண்டி உள்ளே வந்ததும் ஐயா ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இவ்வாகனத்தில் புதிதாய் ஏறிய பாதம் யாருடையது?"

எந்த வீட்டிலும் இதற்கு ஒரு பதில் இருக்கும். புது மருமகள், கணவனை இழந்து திரும்பி வந்த தங்கை, வேலைக்கு வந்த பெண். புதிதாக ஏறியது எங்கள் மாப்பிள்ளை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. மாப்பிள்ளைகள் நடந்தே போகிறார்கள் போலிருக்கிறது.

பாதம் அகப்பட்டதும் போனட் திறக்கப்படும். வீட்டார் எல்லோரும் முதுகு காட்டி, சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். வெளியேறும் தோஷம் பார்க்கிறவர் கண்ணுக்குள் புகுந்துவிடுமாம். சீடன் குமரேசன் சாம்பிராணிப் புகையை போனட்டுக்குள் போடுவான். ஐயா முழங்குவார். போனட் மூடப்படும். பிறகுதான் விசேஷம். மனையிலிருந்து சாலைக்கு ஏற ஒரு செங்குத்தான மண் சரிவு உண்டு. வரும்போது நொண்டிய வண்டி, போகும்போது அந்தச் சரிவில் பாய்ந்து ஏறும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அதன்பின் வண்டிக்குள், ஸ்டியரிங்குக்கு நேரே, மஞ்சளாக ஒரு விளக்கு எரியும். வண்டி செய்த கம்பெனிக்காரன் அதை எச்சரிக்கை விளக்கு என்று புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? அது ஐயாவின் கண். மெக்கானிக் கை பட்டால் மூடிக்கொள்ளும். கண் திறந்த பிறகு வண்டி டீசலை அதிகமாகக் குடிக்கும். கேட்டால், கண்ணுக்குப் பசி. பக்தர்கள் பயபக்தியோடு அந்தப் பசிக்கு ஊற்றினார்கள்.

என் வீட்டு வாசலுக்கு வராதவரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் மகள் ஜெனியைச் செம்பாக்கத்தில் ரத்தினபாய் அம்மாள் வீட்டில் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மாள் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஆராதனையில் முதல் வரிசை. ஆராதனை முடிந்து வண்டலூருக்குப் போவது போதகருக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை எபியின் டீசல் கார் பல்லாவரம் மேம்பாலத்தில் ஏற முடியாமல் திணறியது. குப்புராஜ் கேட்க வேண்டியதைக் கேட்டார். பாதம் கிடைத்தது. முதலில் ஜெனி காரில் ஏறக் கூடாது என்றார்கள். பிறகு கார் நிற்கும் வீட்டிலும் இருக்கக் கூடாது என்றார்கள். தோஷம் ஆறும்வரை அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று எபி சொன்னானாம், செல்போனைப் பார்த்துக்கொண்டே. என் மகள் பெட்டியோடு ஷேர் ஆட்டோவில் வந்து சேலையூரில் என் வாசலில் இறங்கினாள். தெருவே பார்த்தது.

எங்கள் குடும்பத்தில் கட்டிக் கொடுத்த பெண் பெட்டியோடு திரும்பிய வழக்கம் இல்லை. சலவைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன், செம்பாக்கத்தில் நாலு கேள்வி கேட்டுவிட்டு வர. ஜெனி கதவருகில் வந்து நின்றாள்.

"நீங்க போய் சண்டை போட்டா அவங்க சாரி சொல்லுவாங்கப்பா. என் காலைப் பத்திச் சொன்னது மட்டும் அப்படியே இருக்கும்."

பிறகு அன்று நடந்ததைச் சொன்னாள். வீட்டார் சுவரைப் பார்த்து நின்றபோது, தோஷம் பிடித்தவள் என்று அவளை மட்டும் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். அவளைத் திரும்பி நில் என்று யாரும் சொல்லவில்லை. குற்றவாளிக்கும் கண் இருக்கும் என்பது ஐயாவுக்குத் தோன்றவில்லை. புகைக்கு நடுவில் குமரேசனின் கை உள்ளே போனது. எஞ்சினுக்குப் போகும் கறுப்புக் குழாயின் மேல் செருகியிருந்த ஒரு ஒயரைப் பிடுங்கியது. அவ்வளவுதான். மந்திரம் அதற்குப் பிறகும் வெகுநேரம் நடந்தது, மரியாதைக்காக.

"மந்திரமும் சொன்னாரு, ஒயரையும் புடுங்கினாங்க. ரெண்டுல எது வேலை செஞ்சுதுன்னு தனித்தனியா பார்க்கணும்பா," என்றாள்.

எபிக்குப் போன் செய்தாள். அடுத்த ஞாயிறு எல்லோரும் வண்டலூருக்குப் போவோம், தோஷம் தன் காலில்தான் என்று அங்கே தெரிந்துவிட்டால் இனி செம்பாக்கத்துக்கே வரமாட்டேன் என்றாள். அந்தப் பக்கம் மாமியார் உடனே சம்மதித்தார்.

அந்த ஞாயிறு நானும் சேர்ந்து எல்லோரும் எபியின் காரிலேயே போனோம். மனைக்குச் சற்று முன்பாகவே காரை நிறுத்தச் சொல்லி, ஜெனி போனட்டைத் திறந்து, தொங்கிய ஒயரைத் திரும்பச் செருகினாள். கார் பழையபடி முக்கத் தொடங்கியது. எபி தன் அம்மாவைப் பார்த்தான். அம்மாள் ஜன்னலைப் பார்த்தார்.

ஐயா ஜெனியைக் கண்டதும் பாதம் மீண்டும் ஏறிவிட்டது என்று கூட்டத்துக்குக் காட்டினார்.

"ஏறினேன் ஐயா. பரிகாரம் பண்ணுங்க. ஆனா போனட்டைத் திறக்காம பண்ணுங்க."

"போனட் வாகனத்தின் வாய், மகளே. வாய் திறவாமல் தோஷம் வெளியேறாது."

"தோஷம் என் கால்ல இருக்குன்னுதானே சொன்னீங்க? கால் இதோ இருக்கு. இதுக்குப் பண்ணுங்க."

வரிசையில் நின்ற பம்மல் தோல் வியாபாரி பக்கீர் முகமது வண்டியை விட்டு இறங்கி வந்தார். முன்பே ஒருமுறை பரிகாரம் முடித்து, கணவனை இழந்து வந்த தன் தங்கை ஜெய்னப்பை ஐயா சொற்படி காரில் ஏற்றாமல் விட்டிருந்தவர் அவர்.

"பொண்ணு கரெக்டாதான கேக்குது. பண்ணு சாமி, பாப்போம்," என்றார்.

ஐயாவுக்கு வழியில்லை. ஜெனியின் காலைச் சுற்றிப் புகை போட்டார். வழக்கத்தைவிட உரக்க முழங்கினார். எபி வண்டியைச் சரிவில் ஏற்றினான். பாதிச் சரிவில் அது நின்று, பின்னால் வழுக்கியது.

கூட்டத்தில் நம்பிக்கையில்லாத யாரோ நிற்பதாக ஐயா சொன்னார். முதல் உண்மையான வாக்கு.

ஜெனி போனட்டைத் திறந்தாள். யாரும் திரும்ப வேண்டாம், கிட்ட வந்து பாருங்கள் என்றாள். ஒயரைப் பிடுங்கினாள்.

"எனக்கு மந்திரம் தெரியாது. எபி, ஸ்டார்ட் பண்ணு."

கார் ஒரே பாய்ச்சலில் சாலை ஏறியது. கீழே வரவழைத்துச் செருகினாள், நொண்டியது. பிடுங்கினாள், பாய்ந்தது. பக்கீர் முகமது தன் வண்டியின் போனட்டைத் திறந்து உள்ளே குனிந்தார்.

"நம்ம வண்டியிலயும் புடுங்கி வெச்சிக்கிறான்யா."

அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஓரமாகப் போய்த் தங்கைக்குப் போன் செய்தார்.

ஐயாவின் தெய்வத்தமிழ் அந்த நிமிடத்தில் இறங்கிப் போனது.

"இன்னா, கும்பலா வந்து பேஜார் பண்றீங்க? வண்டி ஓடிச்சா இல்லியா, அத்த சொல்லு."

குமரேசன் இருந்த இடத்தில் சாம்பிராணிச் சட்டி மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

இதோடு விட்டார்களா? பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் ஓடி வந்து ஜெனியின் காலைத் தொட்டார். உங்கள் கையால் எங்கள் வண்டியையும் ஒருமுறை தொட்டுவிடுங்கள் என்றார். பின்னாலேயே இன்னும் சிலர். சற்று முன்வரை விளங்காமல் இருந்த அதே கால்.

"எழுந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கம்மா," என்றாள் ஜெனி.

நாங்களும் போனோம். சேலையூர் மெக்கானிக் சொன்னது மிகச் சாதாரணம். அந்த ஒயர் ஏர் ஃப்ளோ சென்சாருடையது. எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளந்து சொல்வது அதன் வேலை. அது கெட்டுப்போய்க் காற்றைக் குறைத்துச் சொன்னது. எஞ்சினும் அதை நம்பி டீசலைக் குறைத்தது. ஒயரைப் பிடுங்கினால் பொய் நிற்கும். எஞ்சின் தானாக ஒரு குத்துமதிப்பில் ஓடும், டீசலைக் குடிக்கும், விளக்கைப் போட்டு நம்மைக் கூப்பிடும். புது சென்சார் போட்டதும் இழுவை வந்தது, டீசல் செலவு அடங்கியது, ஐயாவின் கண் அவிந்தது. கழற்றிய பழைய சென்சாரில் கறுப்பாகப் படிந்திருந்தது ஜி.எஸ்.டி. சாலைத் தூசி. என் மகளின் பாதத் தூசி அல்ல.

ரத்தினபாய் அம்மாள் மகனோடு என் வீட்டுக்கு வந்தார். காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"கர்த்தர் எங்க கண்ணைத் திறந்தார், சம்பந்தி."

"அவர் கண்ணை முதலிலேயே கொடுத்துத்தான் அனுப்பினார், சம்பந்தியம்மா. திரும்பி நிற்கச் சொன்னது குப்புராஜ்தான்."

தெரு முழுக்கப் பார்க்க ஜெனி காரின் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். எந்தக் காலை முதலில் வைத்தாள் என்று மாமியார் கவனிக்கவில்லை. பெட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த மனையில் இப்போது வேறொருவர் பந்தல் போட்டிருக்கிறார். பழுதான இன்வெர்ட்டர்களுக்குப் பரிகாரமாம். நீங்களும் போவீர்கள், எனக்குத் தெரியும். போங்கள். ஆனால் திரும்பி நில் என்று அவன் சொன்னால், அவன் வாயைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் அவன் கையைப் பாருங்கள்.